‘இல்லை’ என்று டிக் அடித்த இடம்

பாளையங்கோட்டை
9 ஜூலை 2024, செவ்வாய்

தம்பி அஃப்ஜலுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அக்கா எழுதுகிறேன். சென்னையில் நீ எந்த வீட்டுக்கு மாறியிருக்கிறாய் என்றுகூடத் தெரியாமல், கடையநல்லூரில் உன் மாமியாரிடம் கேட்டு முகவரி வாங்கினேன்.

நோன்புப் பெருநாளன்று உன் மச்சான் உன்னைச் சாப்பாட்டுத் தட்டின் முன்னாலிருந்து எழுப்பிவிட்டது தப்பு. அதை அவரிடமும் சொல்லிவிட்டேன். அதற்காக நீ மூன்று மாதம் போனை எடுக்காமல் இருப்பதும் தப்புதான். இனி நானும் போன் செய்யப் போவதில்லை. நான் போனைக் காதில் வைத்தாலே ரூபினா தன் மணிக்கட்டைக் கடிக்கிறாள். எதிரே ஆள் இல்லாமல் அம்மா ஏன் பேசுகிறாள் என்று பயமோ என்னவோ. இங்கே தெரபி அறைக்கு வெளியே முக்கால் மணி நேரம் சும்மாதான் உட்கார்ந்திருக்கிறேன். அதனால் கடிதம்.

மருமகளைப் பற்றி நீ கேட்க மாட்டாய், நானே சொல்கிறேன். போன மாதம் ஏழு வயது முடிந்தது. வாரத்தில் மூன்று நாள் கோவில்பட்டியிலிருந்து காலைப் பாசஞ்சரில் கூட்டிவருகிறேன். உமாராணி டீச்சரிடம் ஒரு வருஷமாகப் பழகி ஒன்று கற்றிருக்கிறாள். தாகம் எடுத்தால் டம்ளர் படம் போட்ட அட்டையை எடுத்து என் கையில் வைக்கிறாள். முன்பெல்லாம் தாகம் எடுத்தால் சுவரில் தலையை மோதுவாள். எது தாகம், எது பசி, எது வயிற்றுவலி என்று ஆறு வருஷம் ஊகித்தே காலம் தள்ளியவள் நான். அந்த அட்டை எனக்கு என்னவென்று உனக்குப் புரியும்.

நீ ஏஜென்டாக இருந்தபோது எங்களுக்கு எடுத்துக் கொடுத்த பாலிசியில் இந்தத் தெரபிக்குப் பணம் தர மாட்டோம் என்று மார்ச்சில் எழுதினார்கள். “இது நோய்க்கான சிகிச்சை அல்ல, கற்பித்தலும் பழக்குதலும் சார்ந்த பயிற்சி” என்றார்கள். பெருநாள் சண்டை அதனால்தான் வந்தது. நான் மேல்முறையீடு செய்தேன். போன வாரம் அதற்குப் பதில் வந்திருக்கிறது. இப்போது வேறு காரணம். 2021இல் கொடுத்த விண்ணப்பத்தில், குழந்தைக்கு வளர்ச்சிக் குறைபாடு உண்டா என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று டிக் அடித்திருக்கிறதாம். உண்மையை மறைத்ததால் பாலிசியையே ரத்து செய்யப்போகிறார்களாம். நகலும் வைத்திருக்கிறார்கள். கையெழுத்து உன் மச்சானுடையது. டிக் யாருடையது?

அவர் என்னைத்தான் சொல்கிறார். “பிள்ளைக்கு இப்படின்னு வெளிய தெரியக்கூடாதுன்னு நீதாம்ட்டி மறைச்சிருப்ப” என்கிறார். நான் உன்னிடம் சொன்னேன்தானே, அஃப்ஜல்? டாக்டர் ஆட்டிசம் என்று எழுதிக் கொடுத்து ஆறு மாதம் ஆகியிருந்தது. சொன்னேன் என்றுதான் எனக்கு நினைவு. தூக்கம் கெட்டுக் கெட்டு என் நினைவையே நான் நம்ப முடியாத நிலைக்கு வந்திருக்கிறேன்.

ஒரு வரி எழுது. வீட்டு முகவரிக்கு வேண்டாம், இந்தத் தெரபி சென்டருக்கு. உமாராணி டீச்சர் வாங்கி வைப்பாள்.

அக்கா
மெஹருன்னிசா


சென்னை
21 ஜூலை 2024

அன்புள்ள அக்காவுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். கடிதம் கிடைத்தது. ரூபினா அட்டை கொடுக்கப் பழகியது பற்றி மகிழ்ச்சி.

நடைமுறையை மட்டும் சொல்கிறேன். கம்பெனியின் கடைசிக் கடிதம் கிடைத்த நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் நீங்கள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகத்துக்கு மனுச் செய்யலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். டாக்டர் சீட்டு, பில்கள், கம்பெனிக் கடிதங்கள் இரண்டையும் இணையுங்கள். விசாரணை முடியும்வரை பாலிசியை ரத்து செய்யக் கூடாது என்றும் கேளுங்கள்.

விண்ணப்பம் குறித்து: ஏஜென்டாக இருந்த மூன்று வருஷத்தில் நூற்றுக்கணக்கான பாரங்கள் நிரப்பியிருக்கிறேன். ஒவ்வொன்றும் நினைவில் இருக்காது.

ஒரு யோசனை. டாக்டர் ஆட்டிசம் என்று கண்டுபிடித்த தேதி, பாலிசி எடுத்த தேதிக்கு அப்புறம் என்று இருந்தால் மறைத்த பேச்சே வராது. பழைய டாக்டரிடம் ஒரு சான்று கேட்டுப் பாருங்கள். தெரிந்தவர்தானே.

என் பெயரில் நான் எதுவும் எழுதித் தர முடியாது. நான் இப்போது இருக்கும் ஆபீஸ் பல கம்பெனிகளுக்காக கிளெய்ம்களைப் பார்த்துக் கொடுக்கும் இடம். உங்கள் கம்பெனியும் அதில் ஒன்று. சாஜிதாவுக்கு ஐந்தாம் மாதம். வீட்டுக்கு லோன் போட்டிருக்கிறேன். தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தம்பி
அஃப்ஜல்


பாளையங்கோட்டை
13 ஆகஸ்ட் 2024, செவ்வாய்

அஃப்ஜலுக்கு,

சாஜிதாவுக்கு ஐந்தாம் மாதம் என்பதை ஒரு காரணமாக எழுதித்தான் எனக்குச் சொல்கிறாய். சந்தோஷப்பட்டேன். பக்கத்தில் இருந்தால் ஏதாவது செய்து கொண்டுவந்திருப்பேன்.

நீ சொன்னபடி டாக்டரிடம் போனேன். ரூபினாவைக் கூட்டிக்கொண்டு, டோக்கன் வாங்கி, ஒன்றரை மணி நேரம் காத்திருந்தேன். அவள் அங்கே எடை பார்க்கும் மிஷினில் ஏறி ஏறி இறங்கினாள். எங்கள் முறை வந்தது. அவர் ரூபினாவைப் பார்த்து, “எம்மா, நல்லா உக்காருதாளே இப்ப” என்றார். அந்த மனுஷரிடம் தேதியை மாற்றிக் கொடுங்கள் என்று கேட்க வாய் வரவில்லை. சளிக்கு மருந்து எழுதி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அவளுக்குச் சளியே இல்லை.

ஒரு பொய்யால் வந்ததை இன்னொரு பொய்யால் கழுவச் சொல்கிறாய்.

எனக்கு எல்லாம் நினைவுக்கு வந்துவிட்டது. நீ சமையல்கட்டு வாசலில் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து, மடியில் பரீட்சை அட்டையை வைத்துப் பாரத்தை நிரப்பினாய். நான் ஆணம் கொதிக்கக் கொதிக்கக் கிண்டிக்கொண்டே, “டாக்டர் ஆட்டிசம்னு எழுதிருக்காங்கல்லடா, அதைப் போட வேண்டாமா?” என்று கேட்டேன். நீ சொன்னாய்: “ஆமான்னு போட்டா பாலிசியே குடுக்க மாட்டாங்கக்கா. பேசாத பிள்ளைங்க எத்தனையோ அஞ்சு வயசுல பேசுதுவ. இவளும் பேசிருவா.” அப்புறம் கையெழுத்து போட வேண்டிய இடங்களில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டுக் கடைக்கு எடுத்துப் போனாய். செருப்பு வாங்க வந்த ஆளுக்கு அளவு பார்த்துக்கொண்டே உன் மச்சான் கையெழுத்து போட்டார்.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. நீ ‘இல்லை’ என்று டிக் அடித்தபோது எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. ஒரு காகிதத்திலாவது என் பிள்ளைக்கு ஒன்றும் இல்லை என்று இருக்கட்டுமே என்று நினைத்தேன். அதனால் உன்னை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை. ஆனால் நான் மறைத்ததாக என் வீட்டில் இருக்கும் பேச்சு உண்மை இல்லை.

மூன்று நாள் வந்துகொண்டிருந்ததை இந்த மாதம் ஒரு நாளாகக் குறைத்துவிட்டோம். எப்போதும்வென்றான், ஓட்டப்பிடாரம் பக்கமெல்லாம் போன பட்டத்து மக்காச்சோளத்தில் புழு விழுந்துவிட்டது. அந்த ஊர்க்காரர்கள் வந்தால்தான் கடையில் செருப்பு விற்கும். ஒரு நாள் போதாது என்று டீச்சர் சொல்கிறாள். எனக்கும் தெரியும். குறைதீர்ப்பாளருக்கு மனு அனுப்பிவிட்டேன்.

மெஹருன்னிசா


சென்னை
25 ஆகஸ்ட் 2024

அக்கா,

எனக்கு நினைவிருக்கிறது. போன கடிதத்திலும் நினைவிருந்தது.

அன்று அடுப்பில் இருந்தது இறாலாணம். நீங்கள் எனக்காக வைத்தீர்கள்.

ஆனால் எழுதித் தர முடியாது. ஏஜென்டாக இருந்தவன் தெரிந்தே தப்பாக நிரப்பினான் என்று காகிதத்தில் வந்தால் இந்தத் துறையில் எனக்கு எங்கேயும் வேலை இல்லை. ஒரு நாளைக்கு நாற்பது ஃபைல் பார்க்கிறேன். இதைப் போன்ற ஆட்களுக்கு என்ன ஆகிறது என்று என் மேஜையிலேயே பார்க்கிறேன்.

கோபத்தில் இருப்பீர்கள். இருங்கள்.

அஃப்ஜல்


கோவில்பட்டி
24 செப்டம்பர் 2024, செவ்வாய்

அஃப்ஜலுக்கு,

இதை ஆஸ்பத்திரியில் இருந்து எழுதுகிறேன். பயப்படாதே, நாளைக்கு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

தெரபி குறைந்த மூன்றாம் வாரமே ரூபினா அட்டையை மறந்துவிட்டாள். கையில் கொடுத்தால் மென்று தின்கிறாள். தாகம் எடுத்தால் பழையபடி தலையை மோத ஆரம்பித்தாள். தலையைப் பிடித்துக்கொண்டால் கையைக் கடித்தாள். இடது மணிக்கட்டில் கடித்த இடத்திலேயே கடித்துக் கடித்துப் புண் ஆழமாகிவிட்டது. சீழ் வைத்து, கை முழங்கை வரை வீங்கி, காய்ச்சல் நூற்றி மூன்றுக்குப் போனது. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போன உன் மச்சானை ஆள் விட்டுக் கூப்பிட்டேன். மயக்கம் கொடுத்துத்தான் புண்ணைச் சுத்தம் செய்தார்கள். டிரிப்ஸ் ஊசியைப் பிடுங்கிவிடுவாள் என்று ஐந்து நாளாக நானும் அவரும் மாறி மாறி அவள் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறோம்.

இப்போது ஒன்று சொல்கிறேன் கேள். ஆஸ்பத்திரியில் பாலிசி கார்டைக் கேட்டார்கள். இது ஓடாது என்று சொல்லித்தான் கொடுத்தேன். விசாரணை முடியும்வரை பாலிசி நடப்பில் இருக்கிறதாம். நாலு மணி நேரத்தில் அனுமதி வந்துவிட்டது. அறை வாடகை, மயக்க மருந்து, மருந்து மாத்திரை, எல்லாம். அந்த கவுன்டர் பெண் சிரித்த முகத்தோடு, “உங்களுக்கு அப்ரூவ் ஆயிட்டுக்கா” என்றாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு ஏன் அழுகிறேன் என்று புரியாமல் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

பிள்ளை தன் கையைத் தானே கடித்துக் கிழித்தால் பணம் உண்டு. கடிக்காமல் இருக்க ஒருத்தி சொல்லிக்கொடுத்தால் கிடையாது. ஐந்து நாளுக்கு அவர்கள் கட்டப்போவது, ஏழு மாதத் தெரபிக்கு நான் கேட்டதைவிட அதிகம்.

கோபப்பட வேண்டும் என்று தோன்றுகிறது. உடம்பில் தெம்பு இல்லை. உன்னிடமும் இனி எதுவும் கேட்கப் போவதில்லை. நீ உன் பிள்ளையைப் பார்த்துக்கொள். சாஜிதா இரும்புச்சத்து மாத்திரையை விடாமல் சாப்பிடட்டும்.

அக்கா


சென்னை
6 அக்டோபர் 2024

அக்கா,

உங்கள் கடிதத்தை ஆபீசுக்கு எடுத்துப்போய் சாப்பாட்டு நேரத்தில் படித்தேன். அதற்கு அப்புறம் மேஜைக்குப் போனேன். அடுத்த ஃபைல் திண்டுக்கல்லில் இருந்து, எட்டு வயதுப் பையன், அதே தெரபி. நான் செய்ய வேண்டியது ஒரு பட்டனை அழுத்துவதுதான். அழுத்தினால் கடிதம் தானாகத் தயாராகும். “இது நோய்க்கான சிகிச்சை அல்ல, கற்பித்தலும் பழக்குதலும் சார்ந்த பயிற்சி.”

அக்கா, அந்த வரியை எழுதியது நான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மறுப்புக் கடிதங்களைத் தமிழிலும் அனுப்ப வேண்டும் என்று முடிவானது. எனக்குத் தமிழ் நன்றாக வரும் என்று மேனேஜர் என்னிடம் கொடுத்தார். இங்கிலீஷில் இருந்ததைப் படித்துவிட்டு, மனம் நோகாதபடி மரியாதையாக எழுத வேண்டும் என்று நாலு நாள் யோசித்து எழுதினேன். நன்றாக இருக்கிறது என்று பாராட்டினார்கள். அப்போது ரூபினா நினைவே வரவில்லை என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். வந்தது. இது பொதுவான கடிதம்தானே என்று ஒதுக்கிவிட்டேன். மார்ச்சில் உங்களுக்கு வந்தது என் வாசகம். பெருநாளன்று மச்சான் அதைச் சத்தமாகப் படித்துக் காட்டி, “எந்தப் படிச்ச மூதேவி எழுதுனாம்ல இதை?” என்று கேட்டபோது நான் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என்னை எழுப்பிவிடாவிட்டாலும் நானே எழுந்திருப்பேன். மூன்று மாதம் போனை எடுக்காததற்குக் காரணம் ரோஷம் இல்லை.

திண்டுக்கல் ஃபைலைத் திறந்தபடி அப்படியே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். சாஜிதாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று வருஷமாக அவளுக்கும் தெரியாது.  கேட்டுவிட்டு, “என் பிள்ளைக்கும் பாரத்துல இப்படி ஒரு கட்டம் வந்தா நீங்க என்ன போடுவீங்க?” என்று கேட்டாள்.

இதோடு ஒரு பத்திரம் வைத்திருக்கிறேன். நோட்டரியிடம் கையெழுத்து வாங்கியது. அக்கா உண்மையைச் சொன்னார்கள், மச்சான் படித்துப் பார்க்கவில்லை, தெரிந்தே ‘இல்லை’ என்று நிரப்பியவன் நான். குறைதீர்ப்பாளருக்குக் கொடுங்கள்.

அஃப்ஜல்


பாளையங்கோட்டை
15 அக்டோபர் 2024, செவ்வாய்

தம்பி,

பத்திரம் வந்தது. இன்னும் அனுப்பவில்லை.

அன்று சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு வந்த உன் மச்சானிடம் கொடுத்தேன். நின்றபடியே படித்தார். கடிதத்தையும் கேட்டார், கொடுத்தேன். மூதேவி என்ற இடம் வந்ததும் என்னை ஒரு பார்வை பார்த்தார். அவர் கத்துவார் என்று ரூபினாவை உள்ளே கூட்டிப்போகத் தயாராக நின்றேன். அவர் கத்தவில்லை.

“நீ மறைக்கலன்னு அப்பவே எனக்குத் தெரியும்ட்டி,” என்றார். “படிக்காம கையெழுத்து போட்டவன் நான். அதை யார் மேலயாவது போடணும்ல.”

மூன்று மாதம் அந்தப் பேச்சோடு நான் படுத்து எழுந்திருக்கிறேன், அஃப்ஜல். தெரியுமாம். எனக்கு அவர்மேல் கோபம் வந்திருக்க வேண்டும். உட்கார மட்டும்தான் தோன்றியது.

பிறகு அவரே சொன்னார்: “இதை அனுப்பாத. அவனுக்குப் பிள்ளை பொறக்கப்போற நேரம். நம்ம வீடு ஒண்ணு கஷ்டப்படுதது போதும்.” பத்திரத்தை மடித்து பீரோவில் கடைச் சாவி வைக்கும் இடத்தில் வைத்துவிட்டார். எட்டு நாளாக நான் பீரோவைத் திறந்து பார்த்துவிட்டு மூடுகிறேன். எடுத்தால் உன் பிள்ளை. எடுக்காவிட்டால் என் பிள்ளை. இதில் எது சரி என்று யாராவது சொல்லிவிட்டால் அவர்கள் சொன்னபடி செய்துவிடுவேன். அவ்வளவு அலுத்துவிட்டது.

அக்கா


சென்னை
27 அக்டோபர் 2024

அக்கா,

பீரோவில் இருப்பது இருக்கட்டும். உங்களுக்கு அனுப்பிய அன்றே இன்னொரு பிரதியைக் குறைதீர்ப்பாளர் அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் நானே அனுப்பிவிட்டேன். நீங்கள் யோசிப்பீர்கள் என்று தெரியும். மச்சான் இப்படிச் சொல்வார் என்றுதான் தெரியாது. அவரிடம் என் ஸலாம் சொல்லுங்கள்.

சாஜிதா பிரசவத்துக்கென்று கடையநல்லூர் போய்விட்டாள். ஒரு மாதம் முன்னதாகவே போயிருக்கிறாள். கோபத்தில் போனாளா, மழைக்குப் பயந்து போனாளா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

ஆபீசில் நேற்று கூப்பிட்டு விசாரித்தார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

அஃப்ஜல்


சென்னை
19 ஜனவரி 2025

அக்கா,

குழந்தை பிறந்த செய்தியை மாமியார் சொல்லியிருப்பார்கள். பெண். இரண்டு மாதம் முடிந்துவிட்டது. போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். சாஜிதா பேசுகிறாள், தேவைக்கு மட்டும். நான் குழந்தையின் கண்ணுக்கு நேரே விரலை ஆட்டி, பார்க்கிறாளா என்று சோதித்துக்கொண்டிருந்ததைக் கவனித்துவிட்டாள். “பாத்தா பாக்கட்டும், பாக்காட்டி மெஹர் மதினி இருக்காவ, கேட்டுக்கிடுவோம்” என்றாள். அவள் அப்படிச் சொன்னதை உங்களிடம் சொல்ல வேண்டும் என்றுதான் முதலில் எழுதுகிறேன்.

வேலை போய்விட்டது. இப்போது ஒரு மருந்துக் கடையில் பில் போடுகிறேன். வீட்டை விற்க ஆள் பார்க்கிறேன். அதைப் பற்றி இவ்வளவு போதும்.

திங்கட்கிழமை விசாரணைக்கு நான் நேரில் போயிருந்தேன்; நீங்கள் உமாராணி டீச்சர் கம்ப்யூட்டர் வழியாகத் திரையில் தெரிந்தீர்கள். பேச ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் ரூபினா சத்தம் போட, நீங்கள் அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டீர்கள். அதனால் பிறகு நடந்ததைச் சொல்கிறேன்.

கம்பெனி வக்கீல், குடும்பமே சேர்ந்து ஏமாற்றியிருக்கிறது, மச்சினனே ஏஜென்ட் என்றார். குறைதீர்ப்பாளர் அம்மா திரையில் இருந்த மச்சானைப் பார்த்து, “படிச்சுப் பார்க்காம ஏன் கையெழுத்து போட்டீங்க?” என்று கேட்டார்.

“மச்சினன் எழுதுனதை யாராச்சும் படிச்சுப் பாப்பாங்களாம்மா?” என்றார் மச்சான். அந்த அம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு அவரையே கொஞ்சம் பார்த்தார். பிறகு டீச்சரிடம், இந்தத் தெரபியில் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். டீச்சர் ரூபினாவுடைய இரண்டு கைகளின் போட்டோவைக் காட்டினாள். ஜூலையில் எடுத்தது, செப்டம்பரில் எடுத்தது.

திரையை அணைத்த பிறகு அந்த அம்மா என்னிடம், “இதனால உங்களுக்கு என்ன ஆகும்னு தெரிஞ்சுதான் எழுதிக் கொடுத்தீங்களா?” என்றார்.

“ஆயிருச்சும்மா” என்றேன்.

உத்தரவு ஒரு மாதத்தில் வரும் என்றார்கள். அடுத்த மாதக் கடைசியில் கடையநல்லூருக்குக் கிளம்ப வேண்டியிருக்கும். வழியில் கோவில்பட்டியில் இறங்கி உங்களைப் பார்த்துவிட்டுப் போகலாமா? மச்சானிடம் கேட்டு எழுதுங்கள். வேண்டாம் என்றால் நேரே போய்விடுவேன்.

அஃப்ஜல்


பாளையங்கோட்டை
25 பிப்ரவரி 2025, செவ்வாய்

தம்பி அஃப்ஜலுக்கு,

உத்தரவு வந்துவிட்டது. டீச்சர் இரண்டு முறை படித்துக் காட்டினாள். டாக்டர் எழுதிக் கொடுத்து, பதிவு பெற்றவர் செய்கிற தெரபி சிகிச்சைதான் என்று போட்டிருக்கிறார்கள். பாலிசியை ரத்து செய்யக் கூடாது. உன்னைப் பற்றியும் ஒரு பத்தி இருக்கிறது. அதை நான் எழுத மாட்டேன், வரும்போது நீயே படித்துக்கொள்.

முழுவதும் ஜெயித்ததாக நினைக்காதே. ஆஸ்பத்திரியில் படுக்காத சிகிச்சைக்கு வருஷத்துக்கு இவ்வளவுதான் என்று ஒரு உச்சவரம்பு இருக்கிறது, அதற்குள்தான் தருவார்கள். டீச்சருடைய பதிவு எண் போடாத பழைய பில்களைத் தள்ளிவிட்டார்கள். கணக்குப் பார்த்தால் வாரத்துக்கு ஒரு நாள் அவர்கள், ஒரு நாள் நாங்கள். மூன்றாவது நாளுக்கு வழி இல்லை. அடுத்த வருஷம் பாலிசியைப் புதுப்பிக்கும்போது என்ன புது விதி போடுவார்களோ தெரியாது. சந்தோஷப்பட வேண்டிய நாள் என்று நினைத்துக்கொண்டே ரயிலில் ஏறினேன். கடம்பூர் தாண்டுவதற்குள் தூங்கிவிட்டேன். மணியாச்சியில் யாரோ ஒரு அம்மா என்னை எழுப்பி, “ஒங்க பிள்ளை கதவுகிட்ட போவுது” என்றாள். இனி ரயிலில் தூங்கக் கூடாது.

ரூபினா முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறாள். நாற்காலியில் உட்காருவது, டீச்சர் கையில் இருப்பதைப் பார்ப்பது, அவ்வளவுதான். போன வருஷம் இந்நேரம் இருந்த இடத்துக்கு வர இன்னும் ஆறு மாதமாவது ஆகும் என்கிறாள் டீச்சர். தெரபி குறைந்த அந்த ஏழு மாதத்தைத் திருப்பித் தர எந்த உத்தரவிலும் இடம் இல்லை. மணிக்கட்டில் தழும்பு மட்டும் வெள்ளையாக இருக்கிறது. சில நாள் அதைத் தானே தடவிப் பார்த்துக்கொள்கிறாள்.

உன் வேலை போனதற்கு நான் என்ன எழுதுவது என்று ஒரு மாதமாக யோசித்தேன்.  நீ செய்தது உன் தப்பைச் சரிசெய்ததுதான், அதற்கு நன்றி சொன்னால் பொய்யாகிவிடும். ஆனால் நீ செய்யாமலும் இருந்திருக்கலாம். அதை மறக்க மாட்டேன்.

நீ வரலாமா என்று உன் மச்சானிடம் கேட்டேன். “அதை ஏன் கேக்கான்? வரட்டும்” என்றார். கொஞ்ச நேரம் கழித்து வந்து, உனக்குச் செருப்பு எத்தனாம் நம்பர் என்று கேட்டார்.

சாஜிதாவிடம் சொல். குழந்தை பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் கூட்டிவரட்டும். எனக்குத் தெரிந்ததைச் சொல்வேன், தெரியாததைத் தெரியாது என்பேன்.

நோன்பு தொடங்கப்போகிறது. அடுத்த செவ்வாய்க்கிழமை வந்தால் வீட்டுக்குப் போகாதே, பூட்டியிருக்கும். நீ வரும் வண்டி கோவில்பட்டியில் நிற்கும்போது நாங்கள் பாசஞ்சருக்காக பிளாட்பாரத்திலேயே இருப்போம். ரூபினாவைப் பார்த்ததும் தூக்காதே, பேரைச் சொல்லிக் கூப்பிடவும் வேண்டாம். பக்கத்தில் வந்து நில். அவள் உன்னைப் பார்க்க மாட்டாள். ஆனால் நீ நிற்பது அவளுக்குத் தெரியும்.

பாசஞ்சர் அங்கே இரண்டு நிமிஷம்தான் நிற்கும். ஏறும்போது எனக்கு ஒரு கையில் அவள், ஒரு கையில் பை. பையை நீ வாங்கிக்கொள்.

அக்கா
மெஹருன்னிசா